மணல்குருடு

ஹோல்டர்னெஸ் கடற்கரையில்
வீடு வாங்க ஆளில்லை.
களிமண் மேடு ஆண்டுக்கு இரண்டு கஜம்
கடலுக்குள் இறங்குகிறது.
அல்மா ஸ்கெல்ட்டன் காலடியால் அளந்து
நாட்காட்டியில் பெரிதாக எழுதிவைக்கிறாள்:
கொல்லைக் கதவிலிருந்து விளிம்புவரை
மார்ச்சில் முப்பத்தொன்று.
இப்போது பத்தொன்பது,
அதிலும் கடைசி இரண்டு உத்தேசம்.

அவள் கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது.
எதைப் பார்க்கிறாளோ அது இல்லை.
அதன் பக்கத்தில் இருப்பது இருக்கிறது.
ஹல் ஆஸ்பத்திரியில் பிரையனி கார்பட்
படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.
இரண்டே கட்டங்கள்.
எதில் குறியிடட்டும் என்று கேட்டபோது
மூன்றாவதாக ஒரு கட்டம் வரையச் சொன்னாள் அல்மா.
மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம்
சாப்பாட்டு இடைவேளையில் குறுக்கெழுத்து போட்டவள்.
'மணல்குருடு' என்று எழுதம்மா,
பழைய சொல், உனக்குத் தெரியாது.

மணலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
'சாம்' என்றால் பாதி, முன்னொரு காலத்தில்.
பாதிக்குருடு.
பிறகு 'சாம்' செத்துப்போனது,
ஈமத்துக்கு யாரும் வரவில்லை.
அர்த்தம் போன ஓட்டைக்குள்
காது கொஞ்சம் மணலை அள்ளிப் போட்டது.

இன்னொரு சொல்லின் கதை தலைகீழ்.
'தூய குருடு' என்றார்கள், துளி வெளிச்சமும் இல்லாதவனை.
நூறு நூறு வருடமாக அந்தச் சொல்
தட்டித் தடவி நடந்து
மங்கலாகத் தெரிகிறது என்றது.
எந்த மருத்துவரும் தொடாமல்
பார்வை திரும்பிய ஒரே குருடு அதுதான்.
அல்மா இதைச் சொல்லிச் சிரித்தாள்.
பிரையனி சிரிக்கலாமா என்று யோசித்தாள்.

பேருந்தில் திரும்பும்போது
ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பழக்கத்தில்.
ஜன்னலுக்கு முதலில் 'கண்துளை' என்றுதான் பெயர்.
வடக்கிலிருந்து படகில் வந்தவர்கள்
வீடுகளை எரித்துவிட்டு
'காற்றின் கண்' என்ற சொல்லை விட்டுப்போனார்கள்.
இப்போது அந்தக் கண்ணைத் திறக்க முடியாது,
குளிரூட்டிய பேருந்து.

வாசலில் தபால்காரர் நெவில் ஊட்டன்.
கவுன்சில் கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.
கவுன்சிலின் கண்ணோட்டத்தில்
(எங்கள் மொழியில் இச்சொல்லுக்கு
ஒருகாலத்தில் இரக்கம் என்று பொருள்)
மேற்படி கட்டடம், என்று படித்து
ஒரு சொல்லைத் தாண்டிப் போனார்.

'நடுவில் ஒன்றை விட்டுவிட்டாய், நெவில்.'

அவர் தொண்டையைச் செருமினார்.
'கண்புண்' என்று போட்டிருக்கிறது, மிஸஸ் ஸ்கெல்ட்டன்.

அது முன்பு உண்மையான புண்.
சீழ் பிடித்துச் சிவந்து
இமையில் உப்புத் தண்ணீர் ஒற்றிக்கொண்டது.
பிறகு ஏதோ ஒரு நாள்
வலி கண்ணைக் காலிசெய்துவிட்டு
பார்க்கப்படும் பொருளுக்குக் குடிபோனது.
பார்ப்பவனுக்கு இப்போது சுகம்.
வீட்டுக்குத்தான் நோய்.

நெவில் தேநீர் வேண்டாம் என்றார்,
பிறகு குடித்தார்.
இடிப்பதற்கு மே மாதம்வரை தவணை.
'மேட்டுக்கு அவ்வளவு பொறுமை இருந்தால்' என்றாள் அல்மா.

அவர் போனபின் கொல்லைக் கதவைத் திறந்தாள்.
புல்லில் டெய்சி, குளிரில் சுருங்கி.
பகலின் கண் என்று அதற்குப் பெயர் வைத்தவன்
அது சாயங்காலம் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்க வேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணிக்கொண்டே நடந்தாள்.
பதினாறில் நின்றாள்.
பாதித் தோட்டம் கீழே
மணலாகக் கிடந்தது.

கடல் எங்கே என்று தெரிய
அவள் முகத்தைத் திருப்பி
நிலக்கரிக் கொட்டகையை
உற்றுப் பார்த்தாள்.